பால் சேர்க்காத படையல்

என் மகன் ராசுவுக்கு, உன் அப்பன் மணப்பாறையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன் என்று வழக்கம்போலத் தொடங்கத்தான் நினைத்தேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மற்றதைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி.

நீ எழுதியதைத் தபால்காரர் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டே படித்துக் காட்டினார். மருமகளுக்கு ஏழாம் மாதம் என்று கேட்டுச் சந்தோஷப்பட்டேன். பட்டறையில் லீவு கிடைக்காததால் இந்த ஆடி அமாவாசைக்கு ஸ்ரீரங்கம் வர முடியாது, அம்மாவுக்கு மெட்ராஸ் பட்டணத்துக் கடற்கரையிலேயே தர்ப்பணம் கொடுத்துவிடுகிறேன், படையலுக்கு வைக்கிற மேல்தீக் கிழங்கையும் என் வீட்டிலேயே செய்துகொள்கிறேன், செய்கிற விதத்தை எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாய். கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாய். தேங்காய்ப்பாலுக்குப் பதிலாகப் பசும்பால் ஊற்றி, கொஞ்சம் நெய்யும் விட்டால் மாசமாக இருக்கிறவளும் சாப்பிடுவாளே, தப்பா என்று. அந்த வரி வந்ததும் நான் என் ஜட்காவின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன். தபால்காரர், "என்ன பெரியவரே, நல்ல சேதிதானே?" என்றார். "நல்ல சேதிதாங்க" என்றேன்.

ஆடி பிறந்ததும் நான் மணப்பாறைச் சந்தைக்கு வருவது உனக்குத் தெரியும். ஆடியில் நம் பக்கம் நல்ல சர்க்கரைவள்ளி கிடைக்காது. வையம்பட்டிச் செம்மண்ணில் விளைந்தது இங்கேதான் வரும். இந்த முறை கிழங்குக்காக மட்டும் வரவில்லை. ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் இருபது வருஷம் ஜட்கா ஓட்டியவன் நான். அம்மா மண்டபத்திலிருந்து வடக்கு வாசல் வரைக்கும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் என் வண்டியில் ஏறியவர்கள். அவர்களில் ஒருவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. இங்கே மாடு விற்கிறவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிற ஒருவர் புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் வந்தேன். "உங்க ஊர்ல எழுத ஆளே இல்லீங்களா?" என்று கேட்டார். "நிறைய இருக்காங்க. அதனாலதான் இங்க வந்தேன்" என்றேன். அவர் பேனாவைத் துடைத்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றார்.

முதலில் கிழங்கு. தோல் சிவந்ததாக, நடுத்தரமாக ஒரு வீசை வாங்கு. பருத்தது நார் ஓடியிருக்கும். வேகவைத்து மசித்துவிடாதே, அது களியாகிவிடும். பச்சையாகவே துருவ வேண்டும். மண்ணெண்ணெய் டின்னிலிருந்து ஒரு தகடு வெட்டி, ஆணியால் நெருக்கமாக ஓட்டை போட்டுக்கொண்டால், பின்பக்கம் துருத்தி நிற்கும் முனைகளில் கிழங்கைத் தேய்க்கலாம். விரலைக் காப்பாற்றிக்கொள். இரண்டு பெரிய தேங்காய் துருவிப் பிழிந்து, முதல் பாலில் ஒரு டம்ளரைத் தனியே எடுத்து வைத்துவிடு. அது கடைசியில் வேண்டும். மிச்சப் பாலில் கால் வீசை வெல்லத்தைக் கரைத்து வடிகட்டு. ரேஷன் சர்க்கரையை இதில் வீணாக்காதே, வெல்லம்தான் இதற்கு. கட்டைவிரல் அளவு இஞ்சி தட்டிப் பிழிந்த சாறு, பாதி ஜாதிக்காய் உரசியது, ஒரு துண்டுப் பட்டை பொடித்தது, ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு கைப்பிடி அரிசி மாவு. எல்லாவற்றையும் கிழங்குத் துருவலோடு கையால் பிசைந்தால் தோசைமாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக வரும். இதில் பசும்பாலும் இல்லை, நெய்யும் இல்லை, நீ பிறந்த அந்தத் தீவில் சில பேர் அடித்து ஊற்றுகிற முட்டையும் இல்லை. உன் அம்மா அப்படித்தான் செய்வாள். அவளுக்குப் பால் ஆகாது. ஒரு வாய் குடித்தாலும் கழுத்திலிருந்து முழங்கை வரை தடித்துச் சிவந்துவிடும்.

செய்வாள் என்றுதான் எழுதச் சொன்னேன். எழுதுகிறவர், "செய்வாங்களா, செஞ்சாங்களா?" என்று கேட்டார். அங்கேதான் நான் நிற்க வேண்டியிருக்கிறது. ராசு, உன் அம்மா கப்பலில் காய்ச்சல் கண்டு சாகவில்லை. நான் அவளைக் கடைசியாகப் பார்த்தபோது அவள் உயிரோடு நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். உனக்கு நினைவு தெரிந்த நாளாக, வருஷா வருஷம் உயிரோடு இருக்கிற ஒருத்திக்கு உன்னை எள்ளும் தண்ணீரும் இறைக்க வைத்திருக்கிறேன்.

முதல் உலகச் சண்டைக்கு முன்னால் நான் டிரினிடாட் தீவுக்குக் கரும்பு வெட்டப் போனதும், நீ அங்கே பிறந்ததும் உனக்குத் தெரியும். உன் அம்மா அஞ்சலையும் அங்கேயே பிறந்தவள். அவள் அப்பன் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். தாயார் யார், எந்த ஆட்கள் என்று நான் கேட்டதில்லை, அந்தத் தோட்டத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். பக்கத்து லயத்தில் மார்த்தா என்று ஒரு தீவுக்காரி இருந்தாள், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழியில் வந்தவள். அவளிடம்தான் உன் அம்மா இந்தக் கிழங்கைக் கற்றுக்கொண்டாள். கீழேயும் நெருப்பு, மூடிக்கு மேலேயும் நெருப்பு வைத்துச் செய்வதால் மேல்தீக் கிழங்கு என்று பெயர் வைத்தவள் உன் அம்மாதான்.

உனக்கு மூன்று வயது முடிந்தபோது, ஊருக்குத் திரும்புகிறவர்களுக்குக் கப்பல் வந்தது. துறைமுகத்தில் டாக்டர் அவள் இமையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கண்ணில் நோய் இருக்கிறது, அடுத்த கப்பலில்தான் விடுவோம் என்றார். அடுத்த கப்பல் என்றால் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ. நான் இறங்கி நின்றிருக்கலாம். உன்னை அவளிடம் விட்டிருக்கலாம். எங்கள் தாயார் சாகுமுன் பேரனைப் பார்க்க வேண்டும் என்று என் அண்ணன் எழுதியிருந்ததை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு, உன்னைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் ஒரு தகர டப்பாவை நீட்டினாள். முந்தின நாள் செய்த கிழங்கு, வில்லை வில்லையாக வெட்டி அடுக்கியிருந்தாள். "ஏங்க, பாலு கீலு குடுத்துராதீங்க. எனக்கு மாதிரியே இவனுக்கும் தடிக்குது. அழுதா இதுல ஒண்ணு எடுத்துக் குடுங்க" என்றாள். பிறகு, "எழுதத் தெரிஞ்ச ஆளாப் பாத்து நான் கடுதாசி போடுவேன். நீங்களும் யாரையாச்சும் புடிச்சுப் படிக்கச் சொல்லிக் கேளுங்க" என்றாள். "கேக்கிறேன்" என்றேன். அந்த டப்பா உனக்கு ஐந்து நாள் வந்தது. ஆறாம் நாள் நீ வெறும் டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாய்.

ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தபோது வீட்டில் உன் அத்தைக்கு நிச்சயம் பண்ண ஜீயபுரத்திலிருந்து ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வாசலுக்கு வெளியிலேயே அண்ணன் என்னைத் தடுத்தார். "உன் பொண்டாட்டி எங்க?" "அடுத்த கப்பல்ல வருவா." "என்ன ஆளுங்க அவ?" "தெரியாதுண்ணே, நான் கேட்டதில்ல." "கடல் தாண்டிப் போய், சாதி தெரியாத ஒருத்திய வச்சிருக்கான் பொண்ணோட அண்ணன்னு தெரிஞ்சா, அவங்க இப்பவே எந்திரிச்சுப் போயிருவாங்கடா. இப்போதைக்கு வாய மூடிட்டு இரு. கல்யாணம் முடியட்டும்." உள்ளே போனோம். மாப்பிள்ளையின் அப்பா உன்னை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, "பையனோட தாயார் எங்கங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அண்ணன் வாய் மூடச் சொன்னார். என்னால் மூட முடியவில்லை. "அவ செத்துட்டாங்க. கப்பல்லயே" என்றேன். அண்ணன் சொல்லிக் கொடுத்தது என்று நான் பிற்பாடு பல தடவை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொன்னது என் வாய்தான். அவர் இறந்து ஆறு வருஷமாகிறது, அவர்மேல் கோபப்படாதே.

பொய் அத்தோடு நிற்கும் என்று நினைத்தேன். ஆனால் நம் ஆட்களிடம் சாவு என்று சொன்னால் அதற்கு வேலைகள் இருக்கின்றன. மாப்பிள்ளையின் அப்பா உன்னை மடியிலிருந்து இறக்கிவிட்டார். "காரியம் பண்ணிட்டீங்களா? தீட்டு இருக்கிற வீட்ல எப்படி நிச்சயம் பண்றது?" என்றார். மறுநாள் விடிந்ததும் அம்மா மண்டபம் படித்துறைக்கு உன்னைக் கூட்டிப் போனோம். உனக்கு மொட்டை போட்டார்கள். புரோகிதர், "என்னிக்குக் காலமானா?" என்று கேட்டார். என்னிடம் நாள் இல்லை. "தெரியாதுன்னா ஆடி அமாவாசைய வச்சுக்கலாம்" என்று அவரே வழி சொன்னார். உன் கையில் பிண்டத்தை வைத்துக் காவிரியில் விடச் சொன்னபோது நீ அதைத் தின்பதற்கு வாயருகே கொண்டுபோனாய். எல்லோரும் பதறினார்கள். நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். அந்தக் கல்யாணம் நடந்தது. உன் அத்தை நன்றாக இருக்கிறாள். அண்ணன் சொன்ன அந்த 'இப்போதைக்கு'த்தான் இருபது வருஷத்துக்குமேல் ஆகிவிட்டது. உனக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது. அப்பன் என்ற முறையில் நான் சொல்லத் தகுதியுள்ள ஒரே புத்தி இதுதான். இப்போதைக்கு என்று எந்தப் பொய்யையும் உன் பெண்டாட்டியிடமும் பிள்ளையிடமும் சொல்லாதே. நாளைக்கு அதை எடுத்துவிடலாம் என்று தோன்றும். எடுக்கப் போனால் அதன்மேல் வீடே நின்றுகொண்டிருக்கும்.

இனி நெருப்பு. அடி கனத்த இரும்புச் சட்டியில் அனலில் வாட்டிய வாழையிலையைப் பரப்பி, பிசைந்ததை ஊற்று. முக்கால் சட்டிக்குமேல் வேண்டாம். தட்டையான இரும்புத் தட்டால் மூடு. அடுப்பில் சுள்ளி எரியக்கூடாது, தணல்தான் இருக்க வேண்டும், அதுவும் கொஞ்சமாக. கொட்டாங்கச்சியை எரித்துச் சிவந்த தணலாக்கி மூடியின்மேல் பரப்பு. மேலே அதிகம், கீழே குறைவு. நம் வீட்டில் முதல் தடவை நான் இதைச் செய்தபோது உன் பெரியம்மா அடுப்படி வாசலில் நின்று, "சட்டி தலையில கொள்ளி வைக்கிற சமையல எந்த ஊர்ல கத்துக்கிட்டீங்க தம்பி?" என்றார். முக்கால் மணி கழித்து மூடியை ஒரு தடவை மட்டும் தூக்கி, எடுத்து வைத்த முதல் பாலை மேலே ஊற்றித் திரும்ப மூடி, தணலை மாற்று. இன்னும் முக்கால் மணியில் ஓரம் சட்டியை விட்டு விலகும், மேல்பக்கம் ஆடை கட்டினாற்போல் மெத்தென்று இருக்கும். நடுவில் திறந்து திறந்து பார்த்தால் நடு வேகாது.

ஒவ்வொரு வருஷமும் இதை நானே செய்ததைப் பார்த்து ஊரே என்னை மெச்சியது. செத்துப்போன பெண்டாட்டிமேல் இவ்வளவு பிரியமா என்றார்கள். உனக்கு எட்டு வயதிருக்கும். ஒரு ஆடி அமாவாசைக்குத் தேங்காய் அழுகிப் போயிருந்தது. உன் பெரியம்மா, "நெய்யும் பாலும் இல்லாம என்ன படையல் இது" என்று சொல்லிக்கொண்டே ஒரு செம்புப் பாலை ஊற்ற வந்தார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன், அண்ணி கையை. "ஊத்தாதீங்க அண்ணி. அவளுக்கு ஆகாது, தடிச்சுரும்." அவர் என்னைப் பார்த்தார். "செத்தவளுக்கு ஏது தம்பி தோலு, தடிக்கிறதுக்கு?" நீ கடகடவென்று சிரித்தாய். அண்ணன் சிரிக்கவில்லை. நான் போய் வேறு தேங்காய் வாங்கி வந்தேன். உனக்கு ஐந்தாறு வயதிலேயே பால் ஒத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது, அதனால் உனக்கு இது பெரிதாகத் தெரிந்திருக்காது. எனக்கு அன்றைக்கு ஒன்று விளங்கியது. நான் பிதுருவுக்குச் சமைக்கவில்லை. என் பெண்டாட்டிக்குச் சமைத்துக்கொண்டிருந்தேன், அவளைச் சாகடித்தவனும் நானே.

அவள் சொன்னபடியே கடுதாசி போட்டாள். முதலாவது வந்தபோது தபால்காரர், "வெளிதேசத்துக் கடுதாசிங்க, படிக்கவா?" என்றார். "தோட்டத்துச் சமாச்சாரம், அப்புறம் பாத்துக்கலாம்" என்று வாங்கிக்கொண்டேன். எனக்குப் படிக்கத் தெரிந்திருந்தால் அன்றைக்கே பிரித்திருப்பேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. அது உண்மையா என்று தெரியாது. படிக்க இன்னொரு வாய் வேண்டும். அந்த வாய்க்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும், உன் அத்தை ஜீயபுரத்திலிருந்து திரும்பி வருவாள். மொத்தம் ஐந்து. கடைசியாக வந்தபோது உனக்குப் பத்து வயது. ஜட்காவில் என் இருக்கைக்கு அடியில், புல் கட்டுக்குக் கீழே, அந்தக் கிழங்கு டப்பாவிலேயே போட்டு வைத்தேன். அவள்மேல் உட்கார்ந்துகொண்டுதான் இத்தனை வருஷமும் வண்டி ஓட்டினேன்.

இன்றைக்கு அவற்றைக் கொண்டுவந்திருக்கிறேன், இந்தக் கடுதாசியோடு ரிஜிஸ்டர் தபாலில் உனக்கு அனுப்ப. எழுதுகிறவர் உறைகளை வாங்கி வரிசையாக வைத்துப் பார்த்தார். ஐந்தாவதை வெளிச்சத்தில் திருப்பினார். "பெரியவரே, இது எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியுமா?" "எல்லாம் அந்தத் தீவுலேருந்துதாங்க." "நாலுதான் அங்கேருந்து. இதுல இருக்கிறது நம்ம தேசத்துத் தபால்தலை." "எல்லாத்துலயும் ராசா தலைதானேங்க இருக்கு?" "தலை ஒண்ணுதான். ஊரு வேற. இதுல மெட்ராஸ் முத்திரை விழுந்திருக்கு." பின்பக்கம் ராயபுரத்தில் ஒரு சந்தின் பெயர் எழுதியிருப்பதாகச் சொன்னார்.

ராசு, அவள் கண் சரியாகி, கப்பல் ஏறி, பிறந்ததிலிருந்து பார்த்திராத ஒரு தேசத்துக்குத் தனியாக வந்திருக்கிறாள். வந்து இறங்கி, என்னை வரச்சொல்லி எழுதியிருப்பாள். ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் உட்கார்ந்து வழி பார்த்திருப்பாள். அந்த வருஷம் ஆடி அமாவாசைக்கும் நானும் நீயும் காவிரியில் இறங்கி அவளுக்கு எள் இறைத்திருக்கிறோம். ஸ்டேஷனில் வண்டி காலியில்லை என்று நான் திருப்பி அனுப்பிய பெண் பிள்ளைகளின் முகமெல்லாம் ஒவ்வொன்றாக வருகிறது. எனக்கு முகம் மறக்காது. அவள் அவர்களில் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

"பிரிச்சுப் படிக்கட்டுமா?" என்றார் எழுதுகிறவர். வேண்டாம் என்றேன். பேனாவைக் கீழே வைத்தார். எனக்கு வயதில் தம்பி அவர், ஆனாலும் கோபமாகவே கேட்டார்: "ரயில் ஏறினா காலைல பட்டணம். இதுக்கு எதுக்குக் கடுதாசி? போய்ச் சொல்ல வேண்டியதுதானே?" நியாயந்தான். உன் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இன்னொன்றும் உண்டு. நான் வந்து நின்றால் நீ என்னைத்தான் முதலில் கவனிக்க வேண்டியிருக்கும், திட்டுவதற்காவது. அவளை முதலில் கவனி. நீ வா என்று ஒரு வரி போட்டால் வருகிறேன். போடாவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டேன்.

இந்த அமாவாசைக்குக் கடற்கரைக்குப் போகாதே. எள்ளைத் தொடாதே. ஐந்தாவது உறையை முதலில் பிரி. மருமகளையே படிக்கச் சொல். அவளிடம் எதையும் மறைக்க வேண்டாம். பிறகு ராயபுரம் போய் அந்தச் சந்தில் விசாரி. பதினான்கு வருஷம் ஆகிவிட்டது, இருப்பாளோ, வேறெங்கோ போனாளோ, அந்தத் தீவுக்கே திரும்பினாளோ, இல்லை நான் சொன்ன பொய் உண்மையாகிவிட்டதோ, எனக்குத் தெரியாது. நல்லதாக நினைத்துக்கொள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை. ஆனால் விசாரி. நாற்பதைத் தாண்டியிருப்பாள். இடது புருவத்தில் கரும்புச் சோகை கிழித்த தழும்பு இருக்கும்.

இன்றைக்கு வாங்கிய கிழங்கில் பாதியையும் அவள் தந்த அந்தத் தகர டப்பாவையும் தனி மூட்டையாக ரயிலில் போடுகிறேன். செய்து எடுத்துக்கொண்டு போ. சூட்டோடு வெட்டாதே, உடையும். ஒரு ராத்திரி ஆறவிட்டு, காலையில் வில்லை போட்டு அந்த டப்பாவில் அடுக்கு. அவளைக் கண்டால், நான் என்ன ஆனேன் என்று அவள் கேட்டால், உனக்கும் வாயில் சுலபமாக ஒன்று வரும். அப்பா செத்துட்டார் என்று சொல்லிவிட்டால் அவளுக்கும் ஆறுதல், உனக்கும் சங்கடமில்லை, எனக்கும் அது தகும். அதைச் சொல்லாதே. உயிரோடு இருக்கிறான், ஸ்ரீரங்கத்தில் இருக்கிறான், வரச்சொன்னால் வருவான் என்று சொல். சொல்லிவிட்டு டப்பாவைத் திற. அவள் கேட்பதற்கு முன்னால், பால் சேர்க்கவில்லை என்று நீயே சொல்லிவிடு.